சோளத்துக்குப் பின்னால் செலரி

முதலில் லவினா பார்த்தது அவன் கண்களை அல்ல. கையை.

ஏலக் கூடாரத்தின் அந்தக் கோடியில், நனைந்த கறுப்புத் தொப்பிகளுக்கு மேலே, ஒரு கை உயர்ந்து நின்றது. நீளமான, நல்ல கை. ஆனால் உயர்ந்திருக்கக் கூடாத கை...

"எண்ணூறு!" என்றது அந்தக் கைக்குச் சொந்தமான குரல்.

கூடாரமே திரும்பியது. மூச்சுவிடாமல் விலை பாடுகிற ஏலக்காரர் அன்றைக்கு முதல் முறையாக மூச்சு விட்டார். மேலே படுதாவில் மழை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

விஷயம் இதுதான். ஜனவரியில் லவினாவின் அப்பா யோனஸ் எஷ்ஷின் சேணக் கடை எரிந்துபோனது. ஊர் கூடி ஒரே நாளில் புதுக் கடையை எழுப்பிக் கொடுத்தது. சுவரை ஊர் எழுப்பலாம். தோல் தைக்கும் மெஷினை எழுப்ப முடியாது. தீயணைப்பு நிலையத்துக்காக வருஷா வருஷம் மார்ச் சேற்றில் நடக்கிற இந்த ஏலத்துக்கு அப்படி ஒரு பழைய மெஷின் வருகிறது என்று தெரிந்ததும், கார், கரண்ட் வேண்டாம் என்று குதிரை வண்டியோடு வாழ்கிற லான்காஸ்டர் பக்கத்து ஆமிஷ் ஜனம் மொத்தமும் ஒரு முடிவுக்கு வந்திருந்தது: யோனஸின் மகள் கை தூக்குவாள், வேறு யாரும் தூக்கக் கூடாது. இதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால்தான் தெரியும் என்கிறவன் இந்த ஊர்க்காரனே இல்லை.

இவன் இந்த ஊர்க்காரன் இல்லை.

லவினா கடைசியாகக் கேட்டது நானூறு. அதற்கு மேல் ஒரு டாலர்கூட கிடையாது என்று வீட்டில் குதிரையைப் பூட்டும்போதே முடிவு பண்ணியிருந்தாள். விலையை ஏலத்துக்கு முன்னால் முடிவு பண்ண வேண்டும், ஏலத்துக்கு நடுவில் அல்ல... அவள் வீட்டுச் சட்டம் அது. அவள் அப்பாவுக்கு ஊரில் 'ஆணி யோனஸ்' என்று பேர். எரிந்த கடையின் சாம்பலைச் சலித்து, வளைந்த ஆணிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக நிமிர்த்திப் புதுக் கடைக்கு அடித்த மனிதர்.

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

"எண்ணூறு... ஒரு தரம்..." ஏலக்காரர் அழாத குறையாக இழுத்தார். யாராவது பூமியைப் பிளந்துகொண்டு வந்து உதவ மாட்டார்களா என்று பார்த்தார். யாரும் உதவவில்லை. சுத்தியல் விழுந்தது.

அப்போதுதான் தொப்பிகள் விலகி அந்தக் கண்கள் தெரிந்தன. மழை விட்டும் விடாத வானத்தின் நிறம். ஒரு பாவமும் அறியாத கண்கள்... அதுதான் எரிச்சலை இரட்டிப்பாக்கியது. அவளைப் பார்த்து ஒரு புன்னகை வேறு! பக்கத்தில் நின்ற பெரியவர் அவன் காதில் ஏதோ சொன்னார். புன்னகை, காரை உதிர்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது.

லவினா வெளியே வந்து குதிரையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் சேற்றில் சளக் சளக் என்று ஓடிவரும் சத்தம்.

"ஏங்க... ஒரு நிமிஷம் நில்லுங்க!"

அவள் நிற்கத்தான் செய்தாள். குதிரை இன்னும் பூட்டி முடியவில்லை.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. நான் ஒஹையோ. எனோஸ் கிளிக். சித்தப்பா வீட்டுக்கு வந்து நாலு நாள்தான் ஆகுது."

"ஒஹையோல ஏலத்துல சுத்தி முத்திப் பாக்கமாட்டாங்களா?"

"பாத்தேனே. எல்லாரும் என்னையே பாத்தாங்க. நல்ல பொருளாத்தான் புடிச்சிருக்கோம்னு நினைச்சேன்."

உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிக்கிற நேரமில்லை இது. "சேணம் தைப்பீங்களா?"

"இல்லை."

"அப்பறம் எதுக்கு வாங்கினீங்க?"

"மலிவா இருந்துச்சே!"

அவன் கையில் ஒரு பறவைக்கூண்டு இருந்தது. உள்ளே பறவை இல்லை. அவன் வண்டியில் நான்கு ஜன்னல் சட்டங்களும், குழந்தைகள் உட்கார்ந்து சாப்பிடும் உயர நாற்காலி ஒன்றும் இருந்தன. தாடியில்லாத முகம், அதாவது, இந்த ஜனத்தில் கல்யாணம் ஆகாதவன். நாற்காலியைப் பார்த்தாள்... அவனைப் பார்த்தாள்... ஒன்றும் கேட்கவில்லை. சில கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் இருப்பதே நல்லது.

"எடுத்துக்கோங்க," என்றான். "மெஷினைச் சும்மாவே எடுத்துக்கோங்க."

"நாங்க ஏலம் கேட்டோம். தானம் கேக்கலை."

"சரி, அந்த நானூறைக் குடுங்க. மீதி அப்பறம்..."

"அப்பறம்னா அது கடன். எங்க வீட்டுல கடனுக்கு உப்புகூட வாங்கறதில்லை. எண்ணூறும் சேந்ததும் வந்து வாங்கிக்கறேன். அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"நான் அதை வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது?"

"அதை வாங்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

குடையோடு இவர்களைத் தேடி வந்த எனோஸின் சித்தி மாலிண்டா இந்த இடத்தில் நுழைந்தாள். பஞ்சாயத்து என்றால் மாலிண்டாவுக்கு மழை, வெயில் கிடையாது.

"ரெண்டு பேரும் நனையறது போதும். லவினா, மெஷின் எங்க கொட்டகையில நிக்கட்டும். சாயங்காலம் நீ வந்து உங்கப்பா வெட்டிக் குடுக்கற வாரைத் தச்சுட்டுப் போ."

"வாடகை சொல்லுங்கக்கா. வாடகையில்லாம வரமாட்டேன்."

"வாடகைதானே... இந்தத் தடியனுக்குக் காசைக் கையில நிறுத்தக் கத்துக்குடு. இவங்கப்பா இவனை அதுக்குத்தான் இங்க தள்ளிவிட்டிருக்காரு. அடுத்த மார்ச் வரைக்கும் கூலியைக் கரைக்காம வெச்சிருந்தா பண்ணையில பங்கு. இல்லைன்னா எல்லாம் தம்பிக்கு. வந்து நாலு நாள்ல பறவைக்கூண்டு வாங்கியிருக்கான், பாரு!"

"சித்தி... கூண்டு பாதி விலை..."

"பறவைக்கு விலை யாரு குடுப்பா?"

லவினா இந்தத் தடவை சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

*

அந்தக் கோடையில் பாடம் தினமும் ஒரே கேள்வியில்தான் தொடங்கியது.

"இன்னிக்கு என்ன வாங்கலை?"

"ஒரு தூண்டில் வாங்கலை. ஒரு லாந்தர் வாங்கலை. வேட்டைநாய் ஒண்ணு... அது என்னையே பாத்துச்சு, லவினா. அதையும் வாங்கலை."

"நல்லது."

ஆசைப்பட்ட எதையும் இரண்டு ஞாயிறு கழியாமல் வாங்கக் கூடாது. இது முதல் சட்டம். இரண்டு ஞாயிறு கழிந்த பிறகும் ஞாபகம் இருந்தால், பழசு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால், அது இல்லாமல் இத்தனை நாள் எப்படி உயிரோடு இருந்தோம் என்று யோசிக்க வேண்டும். இதற்குள் பெரும்பாலான ஆசைகள் வயதாகிச் செத்துப்போகும்.

ஆளைக் கூலிக்கு வைக்கக் கூடாது. ஃபிஷர் வீட்டு வைக்கோலுக்கு நாம் போனால், நம் கூரைக்கு ஃபிஷர் வருவார். எனோஸ் ஒரு நாள் போய்வந்து, கை முழுக்கக் கொப்புளத்தோடு, "அவரு வரலைன்னா?" என்று கேட்டான். "வருவாரு," என்றாள். ஃபிஷர் மூன்று மகன்களோடு வந்தார். எனோஸ் அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினானாம். மாலிண்டா புகார் சொன்னாள்.

"பாவாடை கிழிஞ்சா ஏப்ரன். ஏப்ரன் கிழிஞ்சா கைத்துணி. கைத்துணி கிழிஞ்சா கீத்து கீத்தா வெட்டிக் கம்பளம் பின்னலாம்," என்று இன்னொரு நாள் சொல்லிக்கொடுத்தாள்.

"கம்பளம் கிழிஞ்சா?"

"அது கிழியறதுக்குள்ள நாம போய்ச் சேந்துடுவோம்."

கொட்டகைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். எதிரே தாழ்வாரத்தில் மாலிண்டா பட்டாணி உரித்தபடி, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாள். மெஷினின் சக்கரத்தை ஒருவர் சுற்ற வேண்டும். தோலை ஒருவர் பிடிக்க வேண்டும். அவன் சுற்றுவான். அவள் பிடிப்பாள்.

ஜூலையில் ஒரு சாயங்காலம்... திடீரென்று மழை. தகரக் கூரையில் யாரோ மூட்டை மூட்டையாகச் சோளத்தைக் கொட்டுகிற மாதிரி. பேச்சு கேட்கவில்லை. அவள் குனிந்து தோலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சக்கரம் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது... பிறகு மெதுவானது... பிறகு நின்றே போனது.

நிமிர்ந்தாள்.

அவன் சக்கரத்தைப் பார்க்கவில்லை. அந்த மழைநிறக் கண்கள் அவளிடம் நின்றிருந்தன... அவளுக்கு, எதையோ அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி, நெஞ்சுக்குள் ஒரு பதற்றம்.

"தையல் கோணிப்போச்சு," என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை.

"பிரிச்சுட்டுத் திரும்பத் தைக்கலாமே," என்றான் மெல்ல. "நீங்கதான் எதையும் வீணாக்கமாட்டீங்களே..."

பிரித்தார்கள். நூலுக்கு மெழுகு தடவினார்கள். திரும்பத் தைத்தார்கள். மறுபடியும் கோணியது.

*

வம்பு செலரியில் வந்தது.

மீதி நானூறைச் சேர்க்க லவினா கண்டுபிடித்த வழி அது. கொத்தமல்லிக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும் இந்தத் தண்டுக்கீரை இல்லாமல் இங்கே கல்யாணம் கிடையாது. மேஜைக்கு மேஜை ஜாடியில் பூவுக்குப் பதில் நிற்கும். சட்டி சட்டியாகப் பாலில் வேகும். நவம்பர் கல்யாணங்கள் நெருங்கினால் சந்தையில் நல்ல விலை. செலரிக்கு ஈரம் வேண்டும், ஈரம் ஓடைக்கரையில் இருந்தது, ஓடைக்கரை சோளக்கொல்லைக்குப் பின்னால் இருந்தது. அங்கே நட்டாள். அவள் செய்த தப்பு அவ்வளவுதான்.

ஏனென்றால், மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில்தான் செலரியைச் சோளத்துக்குப் பின்னால் நடுவார்கள்... ஊர் கண்ணில் படாமல் இருக்க. நிச்சயமான விஷயத்தைச் சபையில் பேர் படிக்கும்வரை மூச்சுவிடக் கூடாது என்பது வழக்கம். கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நல்ல குடும்பம் அப்படித்தான் சொல்லும்.

"தோட்டம் நல்லா வந்திருக்காமே, லவினா?" மளிகைக் கடையில் பக்கத்து வீட்டு பார்பி குழைந்தாள்.

"விக்கறதுக்குத்தான் அக்கா."

"ஆமாமா. எங்கம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க, விக்கறதுக்குன்னு. நவம்பர்ல பாத்தா என்னையே தள்ளிவிட்டுட்டாங்க."

மாப்பிள்ளை யார் என்பதையும் ஊரே முடிவு பண்ணிக்கொண்டது. மெல்வின் கிங். மனைவி போய் இரண்டு வருஷம், ஆறு பிள்ளைகள், ஒரே குதிரை. அந்தக் குதிரையின் சேணம் ஆகஸ்டில் இரண்டு தடவை அறுந்து, இரண்டு தடவையும் யோனஸ் வீட்டுக்கு வந்தது. வேறு என்ன சாட்சி வேண்டும்?

'இல்லை' என்றாள். இல்லை என்றால் ஆமாம் என்று அர்த்தம். கோபமாக 'இல்லை' என்றாள். கோபமாக இல்லை என்றால், தேதியே குறித்தாகிவிட்டது என்று அர்த்தம்.

ஊர் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும்... அவன் மட்டும் நினைக்காமல் இருந்தால் போதும் என்றிருந்தாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம், அவள் தைத்த வார் அத்தனையும் நூல் பிடித்த மாதிரி நேராக விழுந்தது. ஒரு இடம் கோணவில்லை. லவினா நிமிர்ந்தாள்... அவன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன வாங்கலை இன்னிக்கு?" என்றாள்.

"ஒண்ணும் வாங்கலை." சக்கரம் சுற்றியது. "செலரி நல்லா வந்திருக்காமே."

"விக்கறதுக்கு, எனோஸ்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்களாமே... சித்தி சொன்னாங்க."

"உங்க சித்தி சொல்றதை நம்புவீங்களா, நான் சொல்றதை நம்புவீங்களா?"

"இந்த ஊர்ல இல்லைன்னா ஆமாம்னு அர்த்தமாம்." முதல் முறையாக அவன் குரலில் சிரிப்பு இல்லை. "அப்ப இல்லைங்கறதை எப்படித்தாங்க சொல்லுவீங்க?"

நியாயமான கேள்வி. பதிலும் அவளிடம் இருந்தது. 'எனக்கு வேற ஒருத்தரைப் பிடிச்சிருக்கு' என்றால் தீர்ந்தது. நாக்கு நுனிவரை வந்தது... ஆனால் ஏழு மாசமாகத் தினமும் முகம் பார்த்துப் பேசியவனுக்கு, அவள் ஒரு தடவை சொன்னது போதவில்லையா? ஊரும் இவனும் ஒன்றா?

"நான் சொல்லியாச்சு," என்றாள். "ஒருத்தருக்கு ஒரு தடவைதான் சொல்லுவேன். அதுக்கு மேல சொல்றது வீண் செலவு."

தோலைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். அவன் கூப்பிடவில்லை.

*

அக்டோபர் நடுவில் நகரத்துச் சந்தை வியாபாரி விடியும் முன்னே லாரியோடு வந்து மொத்தச் செலரியையும் ஏற்றிக்கொண்டு போனான். லாரியை ஊரில் யாரும் பார்க்கவில்லை. காலிப் பாத்தியை எல்லாரும் பார்த்தார்கள். 'கல்யாணத்துக்கு நிலவறையில இறக்கியாச்சு' என்று தீர்ப்பு வந்தது.

சனிக்கிழமை, எண்ணூறு டாலரோடு லவினா கொட்டகைக்குப் போனாள். வழியெல்லாம் ஒரே எண்ணம். பணம் கொடுத்தால் மெஷின் வீட்டுக்கு வரும். மெஷின் வந்தால் வாடகை இல்லை. வாடகை இல்லையென்றால்... இங்கே வர ஒரு காரணமும் இல்லை. இத்தனை நாள் ஒவ்வொரு டாலராகச் சேர்த்தது இதற்குத்தானா?

எனோஸ் மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு வைத்திருந்தான். பணத்தை வாங்கி எண்ணாமலே பையில் வைத்தான்.

"எண்ணிப் பாருங்க."

"நீங்க எண்ணியிருப்பீங்க." அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நாளைக்குச் சபையில பேர் படிக்கறாங்களாம். நான் திங்கக்கிழமை கிளம்பறேன். ஒஹையோ போற வண்டியில இடம் சொல்லியாச்சு."

"உங்கப்பா சொன்ன கெடு மார்ச்சுலதானே முடியுது? இப்பப் போனா பண்ணை போயிடுமே!"

"போகட்டும். தம்பி நல்லாப் பாத்துப்பான்."

"பைத்தியமா உங்களுக்கு? இத்தனை மாசம் கஷ்டப்பட்டுட்டு..."

"இங்க இருந்து எல்லாத்தையும் பாத்துட்டு நிக்க என்னால முடியாது, லவினா." பிறகு, கேட்கவே கூடாததைக் கேட்டான். "இந்த நானூறு... மெல்வின் குடுத்ததா?"



முதுகு ஒடியக் குனிந்து களை எடுத்தது... ஓடையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தது... தண்டு வெளுக்க வேண்டும் என்று ஒவ்வொரு செடிக்கும் மண் அணைத்தது... எல்லாம் அவள் கண்ணில் நீராக ஏறி நின்றது. விழவிடவில்லை.

"நல்லாப் போய்ட்டு வாங்க," என்றாள். வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்தி, மெஷினை ஏற்ற அவன் சித்தப்பாவைக் கூப்பிட்டாள். எனோஸ் உதவிக்கு வந்தபோது, அவன் கை பட்ட பக்கத்தை விட்டு விலகி நின்றாள்.

*

பேர் படிக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒரு முறை உண்டு. ஆராதனையின் கடைசியில் மூப்பர் எழுந்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று படிப்பார். பேர் வரப்போகிற பெண்கள் அன்றைக்குச் சபைக்கு வரமாட்டார்கள். வீட்டில் விருந்து சமைத்துக் காத்திருப்பார்கள். பேர் படித்த அடுத்த நொடி மாப்பிள்ளைகள் மட்டும் எழுந்து, எல்லாரும் பார்க்க, வெளியே நடந்து, அந்த வீட்டுக்குப் போவார்கள்.

ஆகவே லவினாவிடம் ஒரு திட்டம் இருந்தது. சபைக்குப் போவது. முன்வரிசையில் உட்காருவது. ஒரு வார்த்தை செலவில்லாமல் ஊர் வாயை... அவன் வாயையும்... அடைப்பது.

ஆனால், மெஷினை இறக்க ஆள் கூப்பிட்டால் அவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டுமே என்று கணக்குப் போட்ட ஆணி யோனஸ், சனிக்கிழமை சாயங்காலம் தனி ஆளாக இறக்கினார். மெஷின் பத்திரமாக இறங்கியது. அவர் இடுப்புதான் ஏறவில்லை.

அம்மா அக்காவின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். ஞாயிறு காலை, "நீ போம்மா... நான் கிடக்கறேன்," என்று சொல்லிக்கொண்டே எழப் பார்த்த அப்பா, மாடு மாதிரி அலறினார். லவினா சபைக்கென்று போட்டிருந்த வெள்ளைக் குல்லாவைக் கழற்றி வைத்தாள்.

சாலையில் வண்டிகள் வரிசையாகச் சபைக்குப் போயின. ஜன்னலில் அவளைப் பார்த்த பார்பி, வண்டியிலிருந்து கையை ஆட்டி, அர்த்தமாகச் சிரித்தாள். அப்பாவுக்கென்று கோழியும் நூடுல்ஸும் அடுப்பில் வைத்தபோதுதான் லவினாவுக்கு உறைத்தது. வீட்டில் பெண். அடுப்பில் விருந்து. இனி தேவதூதனே இறங்கிவந்து 'இல்லை' என்றாலும் எனோஸ் நம்பமாட்டான்.

நாளைக்கு இந்நேரம் வண்டி மலை தாண்டியிருக்கும்.

கடிகாரம் அடித்தது. சட்டியில் கரண்டியை விட்டுக் கிளறினாள், கிளறிக்கொண்டே இருந்தாள், நூடுல்ஸ் கூழாகிவிட்டது. வார்த்தையை மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது? யாருக்குக் கொடுக்க வைத்திருக்கிறாள்?

அடுப்பை அணைத்தாள்.

"அப்பா... ஒரு மணி நேரம் தனியா இருப்பீங்களா? சபை விடறதுக்குள்ள அங்க போகணும். எனோஸ்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

யோனஸ் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். வேறு எங்கேயும் பார்க்க முடியாத நிலைமை. "அந்த ஓட்டைக் கைக்காரன்கிட்டயா?"

"ஓட்டையை அடைச்சாச்சுப்பா."

"எல்லாத்தையுமா?"

"பறவைக்கூண்டு மட்டும் இருக்கு. அதுல கோழிக்குஞ்சு வளக்கறாரு."

யோனஸ் மனசுக்குள் கோழிக்குக் கணக்குப் போட்டார். "அப்ப பரவாயில்லை," என்றார். "தலையில துணியப் போட்டுக்கிட்டுப் போ. தூறுது."

துணியை மறந்துவிட்டு ஓடினாள்.

அறுத்த சோளக்கட்டைகளுக்கு நடுவே பாதி தூரம் போயிருப்பாள். எதிரே ஒரு உருவம். கறுப்பு ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, தலையில் தொப்பி இல்லை, சேற்றில் சறுக்கிச் சறுக்கி ஓடிவருகிறது... எனோஸ்!

இரண்டு பேரும் நான்கடி தள்ளி நின்றார்கள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"சபை விட்டாச்சா?" என்றாள்.

"இல்லை."

"அப்ப நீங்க எப்படி..."

"பேர் படிச்சாங்க. மூணு ஜோடி." அவன் முகத்தில் தூறல் வழிந்தது, துடைக்கவில்லை. "உங்க பேர் வரலை. மெல்வின் பேர் வந்துச்சு... பார்பியோட தங்கச்சிகூட! அவங்க வீட்டுல ஒத்தைச் செலரிகூடக் கிடையாது, லவினா! பார்பிக்கே தெரியலை. பெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க."

சிரிப்பும் அழுகையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டன அவளுக்கு.

"நேத்து நான் கேட்டது..." அவன் குரல் உடைந்தது. "அந்தக் காசைப் பத்தி... அது மன்னிக்கற பேச்சு இல்லை. தெரியும். கேட்டதுலேருந்து சோறு இறங்கலை. அதைச் சொல்லணும்னுதான்..."

"சபை நடுவுல எழுந்து வந்தீங்களா?"

"பேர் படிச்சதும் மாப்பிள்ளைங்க மூணு பேரும் எழுந்து வெளிய போனாங்க. நாலாவதா நானும் எழுந்தேன்."

லவினாவின் கை தன்னால் வாய்க்குப் போனது. "ஐயோ... எல்லாரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. மூப்பர் தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, ஒரு பேர் விட்டுப்போச்சோன்னு. சித்தி வாயைத் திறந்தவங்க மூடவே இல்லை."

"எனோஸ்... அப்ப எழுந்து வந்தா இந்த ஊர்ல என்ன அர்த்தம்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்." இப்போது அந்தக் கண்கள் ஓடி ஒளியவில்லை. "தெரிஞ்சுதான் எழுந்தேன். உங்களைப் பிடிச்சிருக்கு, லவினா. எப்பலேருந்துன்னு கேட்டா சொல்லத் தெரியலை... தையல் கோணறதுக்கு முன்னாடியே. நீங்க இல்லைன்னு சொன்னாக்கூட சரி. இந்தத் தடவை இல்லைன்னா இல்லைன்னே எடுத்துக்கறேன்."

தூறல் அவள் தலைமுடியில், இமையில், உதட்டில் விழுந்தது. அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறுவதைப் பார்த்தாள். பாவம்... போதும்.

"நாளைக்கு வண்டிக்குக் காசு குடுத்துட்டீங்களா?" என்றாள்.

அவன் விழித்தான். இந்த நேரத்தில் இது என்ன கேள்வி? "குடுத்துட்டேன். முன்னாடியே வாங்கிட்டாங்க."

"எவ்வளவு?"

"எண்பது டாலர்."

"திருப்பித் தருவாங்களா?"

"தரமாட்டாங்களாம்."

எண்பது டாலர்! ஆணி யோனஸின் மகள் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள். எண்பது டாலருக்கு ஒரு குளிர்காலத்துக்கு வேண்டிய மாவு வரும். தோல் வரும். திறந்தபோது அவன் அங்கேயேதான் நின்றிருந்தான், முழங்கால்வரை சேற்றோடு.

நான்கடியை இரண்டடியாக்கினாள்.

"வீணாப் போகட்டும்," என்றாள். "நீ போகாதே."